வெற்று நிலம் எவர்க்கு உரியது?

நாடொன்றின் சட்டப் புத்தகத்திலே ‘வெற்று நிலம்’ என்னுஞ் சொல் எவ்வாறு ஆளப்பட்டிருக்கின்றது என்பதைக் கொண்டே அந்நாட்டு மக்களுக்கு உள்ள மதிப்பை ஒருவாறு அளந்துவிடலாம். உழுவாரற்றுக் கிடக்கும் நிலமும், ஆலை மூடப்பட்டபின் நஞ்சூறிக் கிடக்கும் நிலமும், மலை சரிந்து குடியிருக்கத் தகுதியற்றுப்போன நிலமும் பார்வைக்கு ஒன்றுபோலவே வெறுமையாய்த் தோன்றும். ஆயினும், அத்தகைய நிலத்தை மீண்டும் யார் கையில் ஒப்படைப்பது, யாருடைய பணத்தைக் கொண்டு சீர்ப்படுத்துவது, சீர்ப்படுத்தியபின் யாருடைய பெயரில் எழுதுவது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையில்தான் அதன் நீதியுணர்ச்சி வெளிப்படுகின்றது.

இம்மூன்று வினாக்களும் ஊவா மாகாணத்தின் மலைச்சாரல்களில் இன்று ஏட்டு வினாக்களாக இல்லை. 2025 நவம்பர் 28ஆம் நாள் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொள்ளைகொண்டது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வெள்ளம் வடிந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். சரிந்த மலைக்குத் திரும்பல் இயலாது. ஆகவே, மலைநாட்டில் நிவாரணம் என்பது காணியைத் தேடுவதிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. முற்றாக அழிந்த வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்ட 50 இலட்சம் ரூபாவும், அரச காணி கிடைக்காதவிடத்துக் காணி வாங்குவதற்கு மேலும் 50 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படும் என்று அரசாங்கம் 2025 டிசம்பரில் அறிவித்தது. மலையகத்தார் முன்னர் கேட்டறியாத பெருந்தொகை இது. பணம் முன்வந்துவிட்டது, நிலமோ இன்னும் பின்தங்கியே நிற்கின்றது. இந்த இடைவெளி எதனால் உண்டானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லின் வரலாறு

கதை 1840ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டு பிரித்தானிய ஆட்சியினர் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியது என்று விதித்தது. சேனைப் பயிர்ச்செய்கையில் ஒரு நிலத்தைச் சில பருவம் பயிரிட்டுப் பின் பல ஆண்டு ஆறவிடுவது வழக்கம். அவ்வாறு ஆறிக்கிடந்த நிலம் ஆட்சியாளரின் கண்ணுக்கு வெற்று நிலமாயிற்று. 1897ஆம் ஆண்டுத் தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. 1818இல் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ மக்களின் வழித்தோன்றல்கள், தம் முன்னோர் ஆண்ட சாரல்களுக்குத் தாமே அந்நியராயினர். கடல்கடந்து தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரோ, அந்தச் சாரல்களில் உழைத்தும் உரிமை பெறாதோராயினர். ஒரே சட்டச் சொல் சிங்களக் குடியானவனிடமிருந்து நிலத்தைப் பறித்தது. தமிழ்த் தொழிலாளிக்கு நிலத்தைக் கொடுக்காமலே வேலை கொடுத்தது. இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் அரசியல், இருவரது இழப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தது என்பதை மறைத்துவிடுகின்றது.

காப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பகுதியிலேயே. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி மடிந்து தேயிலை தழைத்தது. பயிர் மாறியது, நிலத்தின் உடைமை முறை மாறவில்லை. கிளாஸ்கோ நகரத்து வறிய குடும்பமொன்றில் பிறந்து மளிகை வாணிகத்தால் உயர்ந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கி, 1890இல் அங்கே தொழிற்சாலை எழுப்பியதும் இக்காலத்திலேதான். 1924இல் பதுளைவரை புகைவண்டிப் பாதை வந்துசேர்ந்தது. மலையைக் குடைந்தும் பாலங்கட்டியும் தேயிலைப் பெட்டிகளுக்கு வழி சமைத்தவர்கள், கொழுந்து பறித்தவர்களின் குடியிருப்புக்கு வேண்டியது லயன் அறைக்கு மேல் ஒன்றுமில்லை என்றே கருதினர்.

அதன் பின் நிலத்தின் எசமானர் பலமுறை மாறினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவை பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டு, தனியார் முகாமைக்கும் நீண்டகாலக் குத்தகைக்கும் விடப்பட்டன. துரை போனார், கூட்டுத்தாபனம் வந்தது. கூட்டுத்தாபனம் போயிற்று, கம்பனி வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் தேயிலைச் செடி எண்ணப்பட்டது, தொழிற்சாலை எண்ணப்பட்டது, லயன் அறையும் எண்ணப்பட்டது. அறைக்குள் இருந்தவர்கள் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பினராக ஒருபோதும் எண்ணப்படவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 2003வரை நீண்ட போராட்டத்தின் பின் குடிமக்களானோர், இன்றும் பெரும்பாலும் நிலமற்ற குடிமக்களாகவே வாழ்கின்றனர்.

மீரியபெத்தை கற்பித்த பாடம்

இந்நிலமின்மை உயிரைக் குடிக்க வல்லது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவு எடுத்துக்காட்டியது. லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் ஏன் எழுந்து போகவில்லை என்று அப்பொழுது கேட்டவர்கள் பலர். போவதற்கு ஓர் இடம் இருப்பவனுக்குத்தான் எச்சரிக்கை பயன்படும். தோட்ட எல்லைக்குள் ஒரு குடிசை போடுவதற்கும் நிருவாகத்தின் அனுமதியை வேண்டிநிற்பவனுக்கு ஆபத்து வரைபடம் வெறுந்தாளே.

தப்பியவர்களில் பலர் பூனாகலைப் பகுதியில் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடமொன்றில் தங்கவைக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி. ஒரு சிறு கணக்கை மாணவர்கள் இங்கே போட்டுப் பார்க்கலாம். ஏக்கர் ஒன்றுக்கு 160 பேர்ச்சஸ். 75 வீடுகளுக்கும் சேர்த்து 525 பேர்ச்சஸ். அதாவது ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர். பாதைக்கும் பொது இடத்துக்கும் வேண்டியதைக் கூட்டினாலும், பெருந்தோட்டமொன்றின் பரப்பிலே இது ஒரு மூலையளவுதான். அந்த மூலையை 2005இலேயே ஒதுக்கியிருந்தால் அன்றைய சாவுகள் நேர்ந்திரா. பணமின்மையால் நேர்ந்த சாவுகள் என்று இவற்றைச் சொல்ல முடியுமா? ஒதுக்கும்படி கேட்கச் சட்ட உரிமை பெற்ற ஒருவரும் இல்லாமையால் நேர்ந்தவை என்பதே பொருந்தும்.

2023 மார்ச் மாதத்தில் அதே பூனாகலைப் பகுதியின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. குடும்பங்கள் மீண்டும் தற்காலிக முகாமுக்குச் சென்றன. இரண்டே முக்கால் ஆண்டில் டித்வா வந்தது. மூன்று நிகழ்ச்சிகளையும் ஒரே கோட்டில் வைத்து நோக்குவோர்க்கு, வானத்தின்மேல் மட்டும் பழிபோட மனம் வராது.

மானியம் உண்டு, மானியம் பெறுவோர் எவர்?

உதவி வரவேயில்லை என்று கூறுவது உண்மைக்கு மாறானது. 2015இன் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னுங் கொள்கை அரசினால் ஏற்கப்பட்டது. இந்திய அரசின் நன்கொடையால் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் ஈராயிரத்துக்கு மேற்பட்டோருக்கு உரிமைப் பத்திரம் வழங்கும் விழா 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்தது. விழா முடிந்து ஏழு வாரத்திற்குள் சூறாவளி வந்தது. அறிவிப்புக்கும் பத்திரத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள். பத்திரத்துக்கும் பேரிடருக்கும் இடையே ஏழு வாரங்கள்! இதனை விதியின் கொடுமை என்று விட்டுவிடலாகாது. காணியை விடுவிக்கும் முறையிலுள்ள தாமதத்தின் விலை என்றே கொள்ளல் வேண்டும்.

அம்முறை எத்தகையது? காணி அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது, வீட்டுப் பணம் நன்கொடையாளருக்குரியது, மண்ணின் தகுதியைச் சொல்வது கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், பாதைக்கும் குடிநீருக்கும் பொறுப்பு பிரதேச சபை. அச்சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணஞ் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாயிருந்தது. அது திருத்தப்பட்டதே 2018இல்தான். மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபைச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. இத்தனை கைகள் ஒரு வீட்டைத் தாங்க நீளுகின்றன. வீட்டில் வாழப்போகின்றவர்களின் கை மட்டும் அவற்றுள் இல்லை. அவர்கள் ‘பயனாளிகள்’. பயனாளி என்பவர் பெற்றுக்கொள்பவர். இடத்தைத் தெரிபவர் அல்லர், திட்டத்தை வகுப்பவர் அல்லர், கணக்குக் கேட்பவரும் அல்லர்.

தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளனவே என்று சிலர் நினைவூட்டலாம். உண்மையே. வீட்டுப் பணத்தைக் கையாள்வதற்கு அவை பயன்பட்டும் இருக்கின்றன. ஆயின், பல தோட்டங்களில் அச்சங்கத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தோட்ட நிருவாகியே. காணியைக் கேட்கவேண்டிய சங்கத்துக்கும் காணியை மறுக்கக்கூடிய கம்பனிக்கும் ஒரே முகம் இருந்தால், கேட்பவர் யார், மறுப்பவர் யார்?

கிளாஸ்கோவிலிருந்து ஒரு செய்தி

இலங்கையின் தோட்டத் துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர்கள். இங்கே வெற்று நிலம் தோட்டமாகிய காலத்தில் அங்கே கிளாஸ்கோ நகரம் ஆலைகளாலும் கப்பல் தளங்களாலும் நிரம்பியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அத்தொழில்கள் நலிந்தன. ஆலைகள் இடிக்கப்பட்டன, அவை நின்ற மண்ணிலே இரசாயனக் கழிவும் கனவுலோகமும் எஞ்சின. ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே அத்தகைய நிலங்கள் மிகுந்திருந்தன. பிள்ளைகள் விளையாட முடியாத, ஒருவரும் வாங்க விரும்பாத நிலங்கள் அவை.

அந்நாட்டினர் அதற்கு மேற்கொண்ட பரிகாரம் நம் கவனத்துக்குரியது. 1997இல் எய்க் என்னும் சிறு தீவின் மக்கள் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து நிதி திரட்டித் தாம் வாழும் தீவையே விலைக்கு வாங்கினர். 2003ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒரு நிலம் விற்பனைக்கு வரும்பொழுது அதனை முதலில் வாங்கும் உரிமையைக் கிராமச் சமூகங்களுக்கு அளித்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை நகரங்களுக்கும் விரித்தது. அதற்கும் மேலாக, கைவிடப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட, அயலாருக்குத் தீங்கு விளைக்கும் நிலத்தை, உடையவர் விற்க விரும்பாவிடினும், அரசின் இணக்கத்துடன் வாங்கலாம் என்றும் விதித்தது. அவ்வாறு வாங்குவதற்கு மானியம் அளிக்கத் தனியே ஒரு நில நிதியம் உண்டு. மானியம் பெற விரும்புவோர் முதலில் ஒரு சங்கமாகப் பதிவுபெற வேண்டும். உறுப்பினருட் பெரும்பான்மையோர் அவ்வூரில் வாழ்பவராயிருக்க வேண்டும். சட்டத்தின்வழி உரிமை கோருமிடத்து ஊரவரிடையே வாக்கெடுப்பும் நடத்தல் வேண்டும். பயன்பாடற்ற, பாழடைந்த நிலங்களைச் சீர்ப்படுத்துவதற்கென ஸ்கொத்லாந்து அரசு 5 கோடி பவுண் நிதியையும் ஒதுக்கிற்று.

1840இல் இலங்கையில் ‘வெற்று நிலம்’ என்றால் முடிக்குரியது என்று பொருள். 2015இல் ஸ்கொத்லாந்தில் ‘கைவிடப்பட்ட நிலம்’ என்றால் ஊராருக்கு உரியதாகக் கூடியது என்று பொருள். இலங்கைத் தோட்டங்களுக்குத் துரைமாரை அனுப்பிய அதே நாட்டில் சட்டச் சொல்லொன்று இவ்வாறு தலைகீழாய்ப் புரண்டதை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடமாகவே பயிலலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் மற்றொரு நுட்பத்தைக் காட்டுகின்றது. நஞ்சேறிய தொழிற்சாலை நிலங்களை மீட்கும் திட்டம் அங்கே 1995இல் தொடங்கி, 2002இல் தனிச் சட்டத்தின் ஆதரவைப் பெற்றது. அங்கே நிலத்தைத் துப்புரவாக்கும் மானியம் வேறு. அதற்கு முன்னர் நிலத்தைச் சோதித்தறியும் மானியம் வேறு. இன்ன மண்ணில் இன்ன குற்றம் உண்டு என்று அறியாதவரை அதனைத் தொட எவரும் துணியார்; அந்த அறியாமையாலேயே நிலம் பல்லாண்டு பாழாய்க் கிடக்கும். ஆகவே, முதற்பணம் மண்ணை அறிவதற்கே செலவிடப்படுகின்றது. ஊவாவின் நிலையும் இதுவே. இங்கே மண்ணிலுள்ள குற்றம் நஞ்சு அன்று. அதன் சரிவும் நீர்ப்பிடிப்புமே. ஆயினும், சோதனை முதலில், காணி அடுத்து, வீடு இறுதியில் என்னும் ஒழுங்கு இரண்டுக்கும் பொதுவானது.

மறுப்புகளும் அவற்றின் எடையும்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நடுநிலையுடன் நோக்குதல் முறை. கம்பனிகள் குத்தகைப் பணஞ் செலுத்துகின்றன. விளையும் தேயிலையைப் பிடுங்கிக் காணி கொடுப்பதால் தொழிலே நலிந்துவிடும் என்பர். இது முற்றும் தள்ளத்தக்க வாதமன்று. தொழில் நலிந்தால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே. ஆயினும், ஏக்கருக்கு இருபது குடும்பங்கள் வீதம் கணக்கிட்டால், ஒரு தோட்டத்தின் ஆபத்தான லயன்களிலுள்ளோர் யாவருக்கும் வேண்டிய நிலம் அத்தோட்டத்தின் விளைச்சலை அழிக்குமளவினதன்று. செடி நலிந்து பயிர்ச்செய்கை கைவிடப்பட்ட துண்டுகளிலிருந்தே தொடங்கலாம்.

மற்றொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. மக்கள் சங்கம் என்று தொடங்குவது ஈற்றில் தொழிற்சங்கக் கட்சியின் கைப்பாவையாகும். தலைவரின் உறவினருக்கே முதல் வீடு கிடைக்கும் என்பர். இத்தகைய அச்சம் காரணமற்றதன்று. ஸ்கொத்லாந்திலும் சங்கங்கள் யாவும் வென்றுவிடவில்லை. கிளாஸ்கோவில் பாழ்நிலம் இன்னும் மிகுந்தே கிடக்கின்றது. ஓய்வுநேரத்தில் உழைக்கும் தொண்டர்கள் சட்டத் தாள்களுக்கிடையே களைத்துப்போவதும் உண்டு. நோய்க்கு மருந்து சங்கத்தை மறுப்பதன்று. இரகசிய வாக்கெடுப்பு, வெளிப்படையான பெயர்ப்பட்டியல், ஆண்டுதோறும் கணக்காய்வு ஆகியவற்றை மானியத்தின் நிபந்தனைகளாக்குவதே மருந்து. ஒரு குழுவினர் தவறக்கூடும் என்பதற்காக அவர்களை என்றென்றும் பயனாளிகளாகவே வைத்திருப்பது, பிள்ளை விழக்கூடும் என்று நடக்கவிடாதிருப்பதை ஒக்கும்.

செய்யத்தக்கன

ஆகவே, ஊவாவிற்கு இப்பொழுது வேண்டுவன நான்கு. முதலாவது, ஆபத்தான குடியிருப்பிலுள்ள மக்கள் தாமே தலைவரைத் தெரிந்தெடுக்கும் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுபெறவும், தம் தோட்டத்துப் பயன்படாத நிலத்தைக் குறித்து அரசிடம் முறைப்படி கோரவும் உரிமை பெறல் வேண்டும். கோரிக்கைக்குக் குறித்த காலத்துள் எழுத்தில் விடையளிக்கும் கடமை அரசுக்கும் கம்பனிக்கும் உண்டாதல் வேண்டும். இரண்டாவது, நிலத்தைச் சோதிப்பதற்கான மானியம் பேரிடருக்குப் பின்னர் அன்றி முன்னரே சங்கத்துக்குக் கிடைத்தல் வேண்டும். மூன்றாவது, உறுதி வீட்டுக்கு முன்னர் வரல் வேண்டும். அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். கொழுந்து பறிக்கும் கையே குடும்பத்தைத் தாங்கும் இம்மலைநாட்டில் அக்கையின் பெயர் உறுதியில் இல்லாதிருப்பது அநீதி. நான்காவது, மக்கள் வெளியேறிய சரிவுநிலத்தையும் அச்சங்கமே காத்தல் வேண்டும். லயன் வெறுமையானவுடன் வேறொரு வறிய குடும்பம் அதிற் குடியேறுமானால், ஆபத்து இடம்பெயரவில்லை, ஆள்தான் மாறினார் என்றாகிவிடும். அந்நிலத்தில் மரம் வளர்ப்பதும் நீர்வழிகளைச் செப்பனிடுவதும் ஊதியத்துக்குரிய வேலைகளாகட்டும்.

இவற்றுள் எதுவும் கருவூலத்தைக் காலிசெய்யும் திட்டமன்று. 50 இலட்சம் ரூபா என்று பேசத் துணிந்த அரசுக்கு, அப்பணம் நிலைத்து நிற்பதற்கு வேண்டிய சட்டத்தையும் ஆக்கும் துணிவு வரல் கூடும். அறிஞரும் ஆசிரியரும் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பாடசாலைகளில் பயிலும் மாணவர்கள் தத்தம் தோட்டத்தின் வரைபடத்தை வரைந்து, எந்தச் சாரலில் நீர் கசிகின்றது, எந்தத் துண்டு பயிரின்றிக் கிடக்கின்றது, எந்த லயனில் எத்தனை குடும்பம் வாழ்கின்றது என்று குறிக்கக் கற்பார்களானால், நாளை அமையப்போகும் சங்கத்தின் முதல் ஆவணம் அதுவேயாகும். படித்த பிள்ளை தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போவதொன்றே முன்னேற்றமன்று. தோட்டத்தை ஊராக்கும் அறிவைப் பெறுவதும் முன்னேற்றமே.

நிலம் ஒருபோதும் வெறுமையாய்க் கிடந்ததில்லை. அதில் உழைத்தவரின் பெயரை எழுதாமல் விட்டதால் அது வெறுமையாய்த் தோன்றுகின்றது. அடுத்த பருவமழை இந்த மலைகளை நனைக்குமுன் அப்பெயர்களை எழுதத் தொடங்குவோமாயின், வரும் மானியம் வீடாகி நிலைக்கும்; எழுதாதுவிடின், அதுவும் ஒரு நாள் மண்ணோடு சரியும்.